ஹவுராவின் சேறும் அரியலூரின் சிப்பியும்

ஹவுரா நகரத்தில் வீடு கட்டவோ பாலம் போடவோ எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கடப்பாரையின் நுனியில் கல் தட்டுவதில்லை. 1943-ஆம் வருஷம் திறக்கப்பட்ட அந்தப் பெரிய இரும்புப் பாலத்துக்காக, ஆற்றின் ஹவுராக் கரையில் 26 மீட்டர் ஆழத்துக்கும் கல்கத்தாக் கரையில் 31 மீட்டர் ஆழத்துக்கும் கிணற்று அஸ்திவாரங்களை இறக்கிய காலத்தில், நங்கூரங்களும் பீரங்கிக் குண்டுகளும் கும்பினியார் காலத்து நாணயங்களும் சேற்றோடு சேற்றாக மேலே வந்தனவேயன்றிப் பாறை என்று சொல்லத்தக்க எதுவும் வரவில்லை. அதற்கும் நூறு வருஷங்களுக்கு முன்னால், 1835-ஆம் வருஷம் கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் துளையிடத் தொடங்கியவர்கள், 1840 வரையில் விடாமல் துளைத்து 481 அடி ஆழம் சென்று, களிமண்ணையும் மணலையும் மட்கிய மரத்தையும் ஆமையோட்டுத் துண்டையும் கூழாங்கற்களையும் கண்டார்களே தவிர, பூமியின் கெட்டியான தரையைக் காணவே இல்லை. நல்ல தண்ணீருக்காகப் போட்ட துளை அது. தண்ணீர் விஷயத்தில் அது பயன்படாமற் போனாலும், சாஸ்திர விஷயத்தில் அதைப் போலப் பயன்பட்ட துளை இந்த நாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகமே. ஏனென்றால், நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மரம் மட்கிக் கிடக்கிறதென்றால், அந்த மரம் நின்ற தரை ஒரு காலத்தில் வெயில் பட்டுக் கிடந்த நிலப்பரப்பாக இருந்து, பிறகு மெல்ல மெல்லத் தாழ்ந்து, தாழத் தாழ அதன்மேல் ஆறு மண்ணைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

இந்த அனுமானத்தைக் கண்ணால் காணும்படி செய்தவர் ஹென்றி பிளான்போர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி. கல்கத்தாவின் சியால்தாவில் ஒரு குளம் வெட்டியபோது, ஏறக்குறைய 30 அடி ஆழம் வரையில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள், விழுந்து கிடக்காமல், வேரூன்றி நின்ற நிலையிலேயே சேற்றில் புதைந்திருப்பதைப் பார்த்து அவர் 1864-இல் எழுதி வைத்தார். சுந்தரி மரம் கடலின் ஏற்றவற்றம் வந்து தொடும் சதுப்பில் வளர்வது. இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே சுந்தரவனத்துக்குப் போக வேண்டும். ரயில்களும் டிராம்களும் நெருக்கியடித்த சியால்தாவின் கீழே ஒரு சுந்தரவனம் நின்றபடியே மூழ்கியிருக்கிறது.

ஆகவே ஹவுராவில் பாறை இல்லை என்பதை இன்னும் சரியாகச் சொன்னால், ஹவுரா இன்னும் பாறையாகவில்லை என்று சொல்ல வேண்டும். அரிசி களைந்த நீரைப் பாத்திரத்தில் அப்படியே விட்டுவைத்தால் முதலில் நொய்யும் பிறகு மாவும் அடியில் படிகிற மாதிரி, ஓடுகிற ஆறு வேகம் குறையும் இடத்தில் முதலில் பரலையும் பிறகு மணலையும் கடைசியில் நுண்ணிய சேற்றையும் படிய விடுகிறது. வருஷா வருஷம் வெள்ளம் வந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவிக்கும் இந்த அடுக்குகள், மேலும் மேலும் பாரம் ஏறி அழுந்தி, இடுக்குகளில் ஊறும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பாலும் சிலிக்காவாலும் இரும்புச் சத்தாலும் பிணைக்கப்பட்டு, லட்சக்கணக்கான வருஷங்களில் கல்லாகச் சமைகின்றன. அப்படிச் சமைந்தவற்றையே படிவுப் பாறைகள் என்கிறோம். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற ஒரே விதிதான் இவற்றைப் படிப்பதற்கான முதற்பாடம். பூமியின் அசைவால் அடுக்கே தலைகீழாகப் புரண்டிருந்தாலொழிய இந்த விதி பொய்ப்பதில்லை.

கல்லாகச் சமைந்த பிற்பாடு அது மண்ணுக்கடியிலேயே கிடந்தால் நமக்கு என்ன பிரயோஜனம்? நிலம் உயர்ந்து, மேல்மண் அரித்துப்போய், ஓடைக்கரையிலோ மலைச்சரிவிலோ, அல்லது மனிதன் வெட்டிய ரயில் பாதையின் ஓரத்திலோ கல்குவாரியின் சுவரிலோ, அந்தப் பாறை வெளியே தலைகாட்ட வேண்டும். அப்படித் தலைகாட்டும் இடங்கள் இந்த வங்கச் சமவெளியில் இல்லை. மேற்கே, தாமோதர் நதியின் பள்ளத்தாக்கில் உண்டு. சொல்லப்போனால் ஹவுரா ரயில் நிலையம் இங்கே அமைந்ததற்கே அந்தப் பாறைகளும் ஒரு முக்கியமான காரணம். துவாரகாநாத் தாகூரின் கம்பெனி 1836-இல் விலைக்கு வாங்கிய ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கரியைப் படகில் ஏற்றித் தாமோதரில் வெள்ளம் வரும் மாதங்களுக்காகக் காத்திருந்த கஷ்டத்தைத் தீர்க்க வந்ததே இந்த இருப்புப்பாதை. 1854 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரையில் முதல் ரயில் ஓடியது, ஆறே மாதத்தில், 1855 பிப்ரவரியில், பாதை ராணிகஞ்சைத் தொட்டுவிட்டது. நிலக்கரியும் படிவுப் பாறையே. சதுப்பில் விழுந்த மரமும் இலையும் காற்றுப் படாமல் புதைந்து அழுந்திக் கறுத்தது. சியால்தாவின் சேற்றில் புதைந்த மரங்களுக்கும் அவகாசம் கொடுத்தால் அதுவாகவே ஆகும்.

ராணிகஞ்சுக்கும் அசன்சோலுக்கும் பராக்கருக்கும் போய் ஓடைகளில் இறங்கி நடப்பவர்களுக்கு அந்தப் பாறைகள் சொல்லும் செய்திகள் பல. மணற்கல்லின் முகத்தில் சாய்வு சாய்வாக ஓடும் கோடுகள், அந்த மணலைக் கொண்டுவந்த நீர் எந்தத் திசையில் ஓடியது என்பதைத் தெரிவிக்கும். அலை அலையாக வரிகள் பதிந்த பலகைக்கல், ஆழமில்லாத நீர் அசைந்த இடத்தைத் தெரிவிக்கும். சேறு காய்ந்து வெடித்த பிளவுகள் அப்படியே கல்லாகி, ஒரு கோடைகாலத்தை நிறுத்தி வைத்திருக்கும். இவையெல்லாம் பழகிய கண்ணுக்குச் சில நிமிஷங்களில் புலனாகிறவை. ஆனால் இந்த வரிசையின் அடியில் இருக்கும் ஒரு பாறை, பழகிய கண்களையும் பல வருஷம் திகைக்க வைத்தது.

அந்தப் பாறை முதலில் விவரிக்கப்பட்டது தாமோதரில் அல்ல, ஒரிசாவின் தால்ச்சேரில். 1855-இல் கல்கத்தாவில் வந்து இறங்கிய பிளான்போர்டு சகோதரர்களான வில்லியமும் ஹென்றியும், தியோபால்டு என்ற மற்றொருவரும் சேர்ந்து தால்ச்சேர் நிலக்கரிப் பிரதேசத்தை ஆராய்ந்தபோது, மெல்லிய களிமண் கல்லின் நடுவே, வெகு தூரத்திலிருந்து வந்த பெரிய பெரிய குண்டுக்கற்கள் சிறிதும் தரம் பிரியாமல் பொதிந்திருப்பதைக் கண்டார்கள். நுண்ணிய சேற்றைப் படியவிடும் அளவுக்கு அமைதியான நீர், ஆள் தூக்க முடியாத கல்லை உருட்டி வந்திருக்க முடியாது. உருட்டி வரும் வேகமுள்ள நீரில் சேறு படிந்திருக்க முடியாது. இந்த முரண்பாட்டுக்கு விடையாக, அக்கற்கள் பனிக்கட்டியில் சிக்கி மிதந்து வந்து, பனி உருகிய இடத்தில் விழுந்திருக்க வேண்டும் என்று 1856-இல் எழுதினார்கள். உஷ்ணப் பிரதேசத்தின் நடுவில், கோடைகாலத்தில் நாய்கூட வெளியே வராத ஒரிசாவில், பனிக்கட்டி மிதந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பலர் நம்பவில்லை. ஆனால் பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. 1872-இல் பெடன் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, மத்திய மாகாணத்துச் சாந்தா ஜில்லாவில், பென்கங்கை நதிப் பக்கத்து இராய் என்ற இடத்தில், அதே குண்டுக்கல் படிவத்துக்கு அடியில் கிடந்த பழைய சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பு பளபளவென்று தேய்க்கப்பட்டு, அதன்மேல் நெடுங்கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் கண்டார். பனியாறு கல்லை அழுத்தி இழுத்துச் செல்லும்போது மட்டுமே உண்டாகும் தடம் அது. பதினாறு வருஷங்களுக்கு முன் சொன்ன அனுமானம் அன்றைக்குப் பிரத்தியட்சமாகிவிட்டது. சுமார் 30 கோடி வருஷங்களுக்கு முன்னால் இந்த நிலம் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தது என்பதை இப்பொழுது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

தால்ச்சேர் படிவத்துக்கு மேலே நிலக்கரி உள்ள பராக்கர், ராணிகஞ்ச் படிவங்களும், அவற்றுக்கும் மேலே பஞ்சேத் படிவமும் அமைந்திருக்கின்றன. நிலக்கரிப் பாறைகளில் நாக்கு வடிவமான ஓர் இலை எங்கு பார்த்தாலும் பதிந்திருக்கும். குளோசோப்டெரிஸ் என்று அதற்குப் பெயர். அதே இலை ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கிறது. 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனியில் மாண்ட ஸ்காட்டும் அவருடைய தோழர்களும், நடக்கவே சக்தியில்லாத நிலையிலும் எறிந்துவிட மனம் வராமல் கடைசி வரையில் இழுத்து வந்த 16 கிலோ கற்களிலும் அதே இலை இருந்தது. ராணிகஞ்சின் மேலடுக்கோடு அந்த இலைகளின் ஆதிக்கம் முடிந்து, பஞ்சேத்தில் வேறு உலகம் தொடங்குகிறது. உலகம் கண்ட ஜீவநாசங்களிலெல்லாம் பெரியது, சுமார் 25 கோடி வருஷங்களுக்கு முன் நிகழ்ந்தது, இந்த இரண்டு படிவங்களும் சந்திக்கும் வரம்பை ஒட்டி அமைந்திருக்கிறது. பஞ்சேத்தில் அகப்பட்ட எலும்புகளை 1865-இல் லண்டனில் ஆராய்ந்து எழுதியவர் ஹக்ஸ்லி என்ற பிராணி சாஸ்திரி. லிஸ்ட்ரோசாரஸ் என்ற, பன்றியளவான, இரண்டு கொம்புப்பல் மட்டுமே உடைய ஜந்துவின் எலும்பு இந்தப் படிவத்திலும் உண்டு, தென்னாப்பிரிக்காவிலும் உண்டு. 1969-இல் அண்டார்ட்டிகாவிலும் கிடைத்தது. கடல் கடந்து நீந்தக் கூடிய பிராணி அல்ல அது. கண்டங்கள் ஒன்றாக இருந்து பிரிந்தன என்பதற்கு இதைவிட எளிதில் விளங்கும் சாட்சியம் கிடையாது.

இந்தச் செய்திகளெல்லாம் கல்கத்தாவில் நூதனசாலைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கக் கிடைக்கின்றனவே, அந்த ஓடைகளையும் கரடுகளையும் காப்பாற்றுவானேன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்முடைய தர்க்க சாஸ்திரத்தில் பிரத்தியட்சம், அனுமானம் என்றெல்லாம் பிரமாணங்களை வகுத்து, நம்பத்தக்கவருடைய வாக்கையும் ஒரு பிரமாணமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பியின் வயதும் ஊரும் அதை எடுத்தவர் எழுதி ஒட்டிய சீட்டை நம்பி நாம் அறிவது; சீட்டு தப்பானால் எல்லாம் தப்பு. அந்தச் சிப்பி எந்த அடுக்கில், எந்தச் சிப்பிக்கு மேலே, எந்த மணலுக்குக் கீழே இருந்தது என்பது அது பிறந்த இடத்தில்தான் பிரத்தியட்சம்.

தமிழ்நாட்டார் இதை எளிதில் உணரலாம். தால்ச்சேரில் பனிக்கட்டியைக் கண்ட ஹென்றி பிளான்போர்டு, அடுத்த சில வருஷங்களில் தெற்கே வந்து திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஜில்லாக்களில் ஊர் ஊராக, ஓடை ஓடையாக அலைந்து, அரியலூர் வட்டாரத்துக் கடற்படிவங்களை மூன்று பிரிவாக வகுத்து, அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். சியால்தாக் குளத்தை அவர் பார்த்தது அதற்குப் பிறகுதான். பழைய கடலின் அடித்தரையில் நடந்து பழகிய கால்களுக்குப் புதிய சதுப்பின் அடித்தரை புரிந்ததில் ஆச்சரியமில்லை. அரியலூரில் திரட்டிய சிப்பிகளும் நத்தைகளும் அம்மோனைட்டுகளும் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அம்மோனைட்டு என்பது, கண்டகி நதிச் சாளக்கிராமத்துக்குள் நாம் சக்கரமென்று பூஜிக்கும் அதே வகைக் கடற்பிராணியின் ஓடு. 1862-இல் ஆஸ்திரியாவிலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா, தமிழ் நிலத்தின் இந்த ஜீவராசிகளை ஒவ்வொன்றாக வரைந்து வர்ணித்து, 1873-இல் முடிவுற்ற பெரிய பாகங்களாக வெளியிட்டார். மறு வருஷமே லடாக் மலைகளில் நோயுற்று இறந்தார். தென்னாட்டில் அந்தக் காலத்துக் கடலைப் பற்றி எவர் எதை எழுதினாலும் இன்றைக்கும் அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் தம் மேஜையில் கண்டவை ஓடுகள். அவை கிடந்த அடுக்குகளோ அரியலூரில் இருந்தன. பிற்காலத்தவர், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் கடலுயிர்களைக் கொண்டு அடுக்குகளின் வயதைத் திருத்த வேண்டியிருந்தபோது, கல்கத்தாவின் இழுப்பறைகள் மட்டும் போதவில்லை. காரை என்ற ஊரின் களிமண் மேடுகளிலும் நினியூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் மறுபடியும் இறங்க வேண்டியிருந்தது. ஸ்டோலிக்ஸ்கா கேட்காத கேள்விக்கு அவர் சேகரித்த ஓடுகளிடம் விடை இல்லை, பாறையிடம் இருந்தது.

சமீபத்தில் நிகழ்ந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஆதிமனிதர் ஓவியங்களுக்குப் பேர்போன பீம்பேட்காவின் ஒரு குகைக் கூரையில், சுமார் 55 கோடி வருஷத்துக்கு முற்பட்ட டிக்கின்சோனியா என்ற பிராணியின் பதிவு கிடைத்திருப்பதாக 2021-இல் அறிஞர்கள் சிலர் அறிவித்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. வேறொரு குழுவினர் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் அந்தப் ‘பதிவு’ உதிர்ந்து பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அது பெரிய மலைத்தேனீயின் பழைய கூடு ஒட்டியிருந்த தடம் என்று 2023-இல் வெளியாயிற்று, முதலில் எழுதியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பீம்பேட்கா பாதுகாக்கப்பட்ட ஸ்தலமாதலால் இது நடந்தது. அந்தக் குன்றை இதற்குள் ஜல்லியாக உடைத்திருந்தால், புகைப்படத்தில் மட்டும் அந்தத் தேன்கூடு 55 கோடி வருஷத்துப் பிராணியாக என்றென்றும் வாழ்ந்திருக்கும். இதற்கு நேர்மாறான கதையும் நம் நாட்டில் உண்டு: இமயமலையில் எடுத்ததாகப் பல வருஷம் வெளியிடப்பட்டு வந்த புதைபடிவங்கள் சில, உண்மையில் வேறு தேசங்களிலிருந்து வந்தவை என்று 1989-இல் ஜான் டாலண்டு என்ற ஆஸ்திரேலியர் அம்பலப்படுத்தினார். சொல்லப்பட்ட இடங்களுக்குப் போய்ச் சரிபார்க்க வழி இருந்தால்தான் இத்தகைய புரட்டு முழுதும் வெளிப்படும்.

பாறைக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராணிகஞ்சுப் பக்கத்தில் திறந்தவெளிச் சுரங்கங்கள் வெட்டியெடுத்த மண்ணை மலைமலையாகக் குவிக்கின்றன. குவியலுக்குக் கீழே ஓடை போகிறது, ஓடையோடு அதன் கரையிலிருந்த அடுக்கும் போகிறது. ஊர் பெருத்த இடங்களில் குப்பை கொட்டுவதற்கு ஓடைப் பள்ளத்தைவிட வசதியான இடம் எவருக்கும் தோன்றுவதில்லை. அரியலூரிலோ சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். கல்லக்குடியில் 1939-இல் ஆலை வந்தது முதல் அந்த வட்டாரத்தில் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குவாரியைச் சத்துருவாகவே நினைத்து எழுதுவது சுலபமானாலும் சத்தியமாகாது. சமதரையாகக் கிடக்கும் கரிசல் காட்டில் பூமியின் வயிற்றை முப்பது நாற்பது அடி செங்குத்தாகத் திறந்து காட்டுகிறவர்களே குவாரிக்காரர்கள்தாம். அரியலூரைப் பற்றிப் பிற்காலத்தார் அறிந்தவற்றில் கணிசமான பகுதி அந்தச் சுவர்களில் அறிந்தது. வெட்டி முடித்த பிறகு பள்ளம் நீர் நிரம்பிக் குட்டையாகவோ மண் நிரம்பி மேடாகவோ ஆகி, திறந்த பக்கம் மறுபடி மூடிக்கொள்வதுதான் நஷ்டம்.

நாம் காப்பாற்றியவை எவை என்று பார்த்தால் நம்முடைய சுபாவம் விளங்கும். திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறோம். சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில், 1940-இல் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் கண்டு எழுதிய 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும் காப்பாற்றியிருக்கிறோம். பூகர்ப்ப ஆராய்ச்சித் துறை நாடு முழுவதும் முப்பதுக்கு மேற்பட்ட ஸ்தலங்களைத் தேசியச் சின்னமென்று குறித்திருக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆயினும் கல்லான மரம் ஓர் அதிசயம். அதிசயத்தைக் காப்பாற்ற எவரும் இசைவார்கள். திருவக்கரை மரங்களில் கிளையும் வேரும் காணப்படாததால் அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் வந்து ஒதுங்கியவை என்று தெரிகிறது. அந்த வெள்ளம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியது மரத்தைச் சூழ்ந்த சாமானியமான மணற்கல். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ராணிகஞ்சும் பஞ்சேத்தும் சந்திக்கும் ஓர் ஓடைக்கரை, பார்வைக்கு அழுக்குப் பச்சையும் செம்பழுப்புமான களிமண். படம் எடுத்துப் போட்டால் ஒருவருக்கும் பிடிக்காது. உலகத்தின் பெரிய ஜீவநாசம் அந்த ஒரு முழத்துக்குள் இருக்கலாம்.

2022-இல் சுரங்க அமைச்சகம், இத்தகைய ஸ்தலங்களைக் காக்க ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. மத்திய அரசு ஒரு ஸ்தலத்தை அறிவித்து அதைச் சேதப்படுத்துபவரைத் தண்டிக்கலாம் என்பது அதன் சாரம். சட்டம் வேண்டியதுதான். ஆனால் டில்லியில் அறிவிக்கப்படுவதற்குள் பஞ்சேத்தின் களிமண் செங்கல் சூளைக்குப் போய்விடக் கூடும். ஒவ்வொரு ஓடைக்கும் காவற்காரன் வைக்கவும் இயலாது. இதைவிடச் சிறிய, சீக்கிரம் நடக்கக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. குவாரிக்கு உத்தரவு கொடுக்கும்போதே, வேலை முடிந்தபின் எப்படி மூட வேண்டும் என்ற திட்டமும் எழுதி வாங்கப்படுகிறது. அந்தத் திட்டத்தில், நாலு சுவரில் ஒரு சுவரை மட்டும், அதிலும் அடுக்குகள் தெளிவாகத் தெரியும் இருபது முப்பது கஜ நீளத்தை மட்டும், மூடாமல் விட்டு, சரிந்து விழாதபடி படிப்படியாகச் சீவி, அருகே போய் நிற்க ஒரு வழியும் விட்டால், ஆலைக்குச் சுண்ணாம்பில் நஷ்டமென்று சொல்லத்தக்கது எதுவும் ஏற்படாது. எந்தச் சுவர் என்பதைச் சொல்லத் திருச்சியிலும் அரியலூரிலும் உள்ள கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டால் போதும். மாணவர்களை வருஷந்தோறும் சம்மட்டியோடு அழைத்துப் போகிறவர்கள் அவர்களே. சம்மட்டிக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பதை அவர்களிடம் மரியாதையாகச் சொல்லலாம்: கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குவதற்குத் தடையில்லை, சுவரில் பதிந்திருப்பதைப் பெயர்க்குமுன் அது எந்த அடுக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும்.